படம் எடுக்கும் உரிமையும் பாதுகாக்கும் கடமையும்

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலை ஆறு மணியளவில் நின்று பார்ப்போருக்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். மெரின் டிரைவ் வீதியைக் கடந்து, கரையோர ரயில் பாதையையும் தாண்டிப் பாறைகளின் அருகே கூடுகின்றவர்களில் பலரது கைகளும் ஒரே திசையை நோக்கி உயர்ந்திருக்கும். கடலுக்குள் இறங்கும் சூரியனைத் தம் கைத்தொலைபேசிக்குள் அடக்கிவிட முயல்வோர் அவர்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடு அந்தச் சில நிமிடங்களில் எவருக்கும் தோன்றுவதில்லை. வார இறுதியில் யாழ்ப்பாணத்துக்கோ, நுவரெலியாவுக்கோ, அனுராதபுரத்துக்கோ பயணம் செல்லும் குடும்பங்களும் இவ்வாறே இயற்கைக் காட்சிகளையும் வரலாற்றுச் சின்னங்களையும் படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றன.

இது வெறும் பொழுதுபோக்கு விடயம்தானே, இதில் எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்று வாசகர்கள் வினவலாம். ஆனால், இந்நாட்டில் தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரையில் கமராவைக் கையிலெடுப்பது ஒருபோதும் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. எங்கே நின்று, எதைப் படமெடுக்கலாம் என்ற கேள்வியுடன், படமெடுப்பவர் யார் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்திருக்கின்றது. இந்த இரண்டாவது கேள்வி இன்னமும் முற்றாக மறைந்துவிடவில்லை என்பதையே நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. 2005 ஆகஸ்டில் மீண்டும் பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகாலச் சட்டம் 2011 ஆகஸ்ட் வரை நடைமுறையில் இருந்தது. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுப் பத்திரமும் இன்றி வீதியில் இறங்க அஞ்சிய காலம் அது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்து அந்நடவடிக்கையை நிறுத்தியது. 2008 செப்டெம்பரில், வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து தங்கியிருந்தோர் தம்மைப் பதிவு செய்யுமாறு பணிக்கப்பட்டனர்.

தலைநகரில் தங்கியிருப்பதற்கே காரணம் கூற வேண்டியிருந்த ஒருவர், காலிமுகத்திடலில் நின்று கமராவை உயர்த்திப் பிடிக்கத் துணிவாரா? சோதனைச்சாவடியில் பையைத் திறக்கும்போது கமரா ஒன்று வெளிப்பட்டால் அதற்கு எத்தனை விளக்கங்கள் அளிக்க வேண்டியிருக்குமோ என்ற அச்சத்தில், அதனை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியேறிய தலைமுறை ஒன்று நம் மத்தியில் வாழ்கின்றது. அக்கால வெள்ளவத்தையை நினைவுகூரும் பலரிடம் அக்காலத்து வெள்ளவத்தையின் படம் ஒன்றேனும் இல்லாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

யுத்தம் 2009 இல் முடிவுற்றதன் பின்னர் நிலைமை மாறியது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் யாழ்ப்பாணம் சென்று கோட்டையையும், நல்லூரையும், பொது நூலகத்தையும் படமெடுத்தனர். அதனை நாம் வரவேற்றோம். வடக்கு, கிழக்கு இளைஞர்களும் சிகிரியாவையும் பொலன்னறுவையையும் காணச் சென்றனர். ஒருவரது ஊரை மற்றவர் ரசித்துப் பார்ப்பதும், அதனைப் படமெடுத்து வீட்டாருக்குக் காட்டுவதும் எந்தவொரு நல்லிணக்க ஆணைக்குழுவாலும் சாதிக்க முடியாததைச் சாதிக்கக்கூடும். ஆனால், அந்தப் பயணத்தின் பாதையில் ஒரு தடைக்கல் 2019 ஜனவரியில் விழுந்தது.

ஹொரவப்பொத்தானைப் பகுதியிலுள்ள கிரலாகல என்னும் தொல்பொருள் பிரதேசத்தில், புராதன தாதுகோபம் ஒன்றின் மீது ஏறி நின்று எடுத்துக்கொண்ட படங்களை முகநூலில் வெளியிட்டமைக்காக, தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் கைது செய்யப்பட்டனர். கெப்பித்திகொல்லாவ நீதிவான் நீதிமன்றில் ஆஜர்செய்யப்பட்ட அவர்கள் பெப்ரவரி 5 ஆம் திகதி வரை விளக்கமறியலில் வைக்கப்பட்டு, அதன் பின்னரே அபராதத்துடன் விடுவிக்கப்பட்டனர்.

அந்த மாணவர்கள் செய்தது தவறு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. இடிபாடாகக் காட்சியளித்தாலும் தாதுகோபம் என்பது பௌத்த மக்களின் வழிபாட்டுக்குரிய சின்னமாகும். நமது கோயிலின் கருவறை விமானத்தின் மீதோ, பள்ளிவாசலின் மிஹ்ராபின் மீதோ அந்நியர் ஒருவர் ஏறி நின்று படமெடுத்தால் நாம் எவ்வாறு உணர்வோமோ, அவ்வாறே அவர்களும் உணர்வர். தொல்பொருள் சின்னங்களைப் பாதுகாக்கும் 1940 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் எல்லோருக்கும் பொதுவானது. படித்த இளைஞர்கள் அதனை அறிந்திருந்திருக்க வேண்டும்.

ஆனால், தவறு வேறு. அதற்கு ஏற்றப்படும் அர்த்தம் வேறு. அறியாமையால் அல்லது இளமைத் துடிப்பால் நிகழ்ந்த ஒரு செயல், சமூக ஊடகங்களில் ஒரு சமூகம் திட்டமிட்டு இழைத்த அவமதிப்பாகச் சித்திரிக்கப்பட்டது. மாணவர்களின் முகங்களும் விபரங்களும் பரப்பப்பட்டன. நீதிமன்றம் விதித்த அபராதத்தைவிடப் பெரிய தண்டனை அதுவேயாகும். 2012 ஆகஸ்டில் புத்தர் சிலைக்கு முத்தமிடுவது போன்று படமெடுத்துக்கொண்ட பிரெஞ்சு உல்லாசப் பயணிகள் மூவர் காலியில் கைதாகினர். அவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போதும் கண்டனம் எழுந்தது. எனினும், அந்த மூவருக்காகப் பிரெஞ்சு மக்கள் அனைவரும் பதில் கூற வேண்டும் என்று இங்கு எவரும் கோரவில்லை. ஹொரவப்பொத்தானை விவகாரத்திலோ ஒரு முழுச் சமூகமும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது.

அதே ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தினத்தில் நிகழ்த்தப்பட்ட கொடூரத் தாக்குதல்கள் நிலைமையை மேலும் மோசமாக்கின. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் சிந்தப்பட்ட இரத்தம், மதபேதமின்றி அத்திருத்தலத்தை நாடிவந்த கொட்டாஞ்சேனை மக்கள் அனைவரது நெஞ்சிலும் ஆறாத வடுவாகும். அந்தக் கொடியவர்களின் செயலுக்கு எவ்விதத்திலும் பொறுப்பில்லாத சாதாரண முஸ்லிம்கள் பின்னர் சந்தேகத்தின் சுமையைச் சுமக்க நேர்ந்தது. யுத்த காலத்தில் தமிழ் இளைஞர் அனுபவித்ததை முஸ்லிம் இளைஞர் அனுபவித்தார். பாலத்தை, ரயில் நிலையத்தை, தேவாலயத்தைப் படமெடுக்க முன்னர் சுற்றுமுற்றும் பார்க்கும் பழக்கம் ஒரு சமூகத்திடமிருந்து மற்றொரு சமூகத்திடம் கைமாறியது. இது எந்தச் சமூகத்துக்கும் உரிய சொத்தாக இருக்கலாகாது.

இவ்விடத்தில் சட்டம் என்ன கூறுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1955 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க அரச இரகசியங்கள் சட்டத்தின் கீழ், தடைசெய்யப்பட்ட இடங்களைப் பிரகடனப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த இடங்களுக்கு இத்தகைய கட்டுப்பாடு அவசியம் என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால், 2022 செப்டெம்பரில் இதே சட்டத்தைக் கொண்டு கொழும்பின் பல பகுதிகள் அதியுயர் பாதுகாப்பு வலயங்களாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டன. கடும் எதிர்ப்பையடுத்துச் சில நாட்களிலேயே அது மீளப்பெறப்பட்டது. செப்டெம்பர் இறுதியில் கட்டுப்பாட்டுக்குள் இருந்த வீதி ஒன்று ஒக்டோபர் முதல் வாரத்தில் சாதாரண வீதியாயிற்று. சட்டம் இவ்வாறு ஒரு பேனா முனையில் வந்துபோகுமாயின், வீதியில் செல்லும் சாதாரண பிரஜை எதனைத் தெரிந்துகொண்டு நடப்பது?

விதி தெளிவாக இல்லாத இடத்தில் தீர்ப்பு வழங்குபவர் காவலில் நிற்கும் சிப்பாயே. அவரது தீர்ப்பு, படமெடுப்பவரின் பெயரையும் பேசும் மொழியையும் அடையாள அட்டையிலுள்ள முகவரியையும் பொறுத்து மாறுபடக்கூடும். வெளிநாட்டுப் பயணி ஒருவர் என்றால் புன்னகையுடன் ‘இங்கே வேண்டாம்’ என்று கூறி அனுப்பிவிடலாம். அதே இடத்தில் முல்லைத்தீவிலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ வந்த ஓர் இளைஞர் நின்றால் விசாரணை ஆரம்பமாகலாம். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று கூறும் அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரையும், நடமாடும் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் உறுதிசெய்யும் 14 ஆவது உறுப்புரையும் பரிசோதிக்கப்படுவது நீதிமன்றங்களில் மாத்திரமல்ல. இத்தகைய சிறிய சந்திப்புகளிலும் அவை பரிசோதிக்கப்படுகின்றன.

இலங்கை தனது அழகை உலகுக்கு விற்பனை செய்யும் நாடு. 2018 ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் இங்கு வந்தனர். குண்டுத் தாக்குதல்கள், கொவிட் பெருந்தொற்று, பொருளாதார நெருக்கடி ஆகியவற்றின் பின்னர் 2024 இல் மீண்டும் அத்தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களை இங்கு அழைத்துவரும் விளம்பரங்களில் இருப்பவை எவை? கடற்கரைச் சூரிய அஸ்தமனமும், சிகிரியாக் குன்றும், தேயிலைத் தோட்டத்துப் பனிமூட்டமும்தானே. புறக்கோட்டையில் 1909 இல் கட்டிமுடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு, வெள்ளை வண்ணக் கோபுரங்களும் இன்று கொழும்பின் அடையாளப் படங்களுள் ஒன்றாகிவிட்டன. முஸ்லிம்களின் பள்ளிவாசலும், தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் கூடையும் நாட்டின் விளம்பரத்துக்கு ஏற்றவை என்றால், அந்த முஸ்லிமும் அந்தத் தமிழரும் நாட்டைப் படமெடுப்பதும் இயல்பானதாகவே கருதப்பட வேண்டும்.

இந்த இயல்பு நிலை நமக்கு நீண்டகாலமாகவே வாய்க்கவில்லை என்பதை வரலாறும் காட்டுகின்றது. 1870 களின் தொடக்கத்தில் ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர் அரசாங்கத்துக்காக அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் இன்று தொல்பொருள் ஆய்வாளர்களுக்குப் பெறுமதிமிக்க சான்றுகளாகும். புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875 முதல் 1879 இல் மரணிக்கும்வரை இலங்கையில் வாழ்ந்து, தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். அவர்களுள் பெரும்பாலானோரின் பெயர்கள் பதிவாகவில்லை. 1890 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளேட் நிறுவனத்தின் தபாலட்டைகளிலும் நம்மவர்கள் காட்சிப் பொருள்களாகவே இடம்பெற்றனர். படத்தில் நாம் இருந்தோம். கமராவுக்குப் பின்னால் இருந்தவர் வேறொருவர்.

கமராவுக்குப் பின்னால் நாமும் நிற்க வேண்டும் என்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல. படம் ஒரு சாட்சி. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706 இல் கட்டிய தேவாலயம் யுத்தத்தில் தரைமட்டமாகிவிட்டது. இன்று கோட்டையைப் பார்வையிடச் செல்லும் பிள்ளைகளுக்கு அந்தத் தேவாலயம் எப்படி இருந்தது என்பதைப் பழைய படங்களே கூற முடியும். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ். பொது நூலகத்தின் கதையும் அத்தகையதே. வெண்ணிறக் கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. அது ஏன் எரிந்தது என்பதை அடுத்த தலைமுறைக்கு உணர்த்துவது கருகி நின்ற சுவர்களின் படங்களாகும்.

முஸ்லிம் மக்களின் அனுபவமும் இதிலிருந்து வேறுபட்டதன்று. 2011 செப்டெம்பரில் அனுராதபுரத்தில் சிறிய ஸியாரம் ஒன்று பிக்கு ஒருவரின் தலைமையில் சென்ற கூட்டத்தினரால் இடிக்கப்பட்டது. பலாங்கொடைக்கு அருகே கூரகல என அழைக்கப்படும் மலையிலுள்ள தப்தர் ஜெய்லானி, தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் யாத்திரை சென்ற தலமாகும். முன்னாள் அமைச்சர் எம்.எல்.எம். அபூசாலி அதன் வரலாற்றை நூலாகவே எழுதினார். 2013 இல் அங்கிருந்த கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. 2022 வெசாக் காலத்தில் அந்த மலை புனரமைக்கப்பட்ட பௌத்த புனித பூமியாகத் திறந்துவைக்கப்பட்டது. அம்மலை யாருடையது என்ற விவாதத்துக்குள் நாம் இங்கு செல்லவில்லை. ஆனால், அங்கு கொடியேற்றமும் கந்தூரியும் நடைபெற்ற நாட்களை எவரேனும் படமெடுத்து வைத்திருந்தால், அந்தப் படங்கள் வெறும் பயண நினைவுகள் அல்ல, வரலாற்று ஆவணங்களாகும்.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென நியமிக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணியில், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அந்த மாகாணத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஆரம்பத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை. எவை மரபுரிமைச் சின்னங்கள் என்பதை வேறொருவர் தீர்மானிக்கும்போது, நம்மிடம் ஆவணங்கள் இல்லையென்றால் நாம் எதனைக் கொண்டு வாதிடுவது?

இங்கு நாம் நம்மைப் பார்த்தே கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. அச்சத்தால் படமெடுக்காத காலம் இருந்தது உண்மைதான். அச்சம் குறைந்த பின்னர் நாம் எதைப் படமெடுக்கின்றோம்? கொட்டாஞ்சேனையை எடுத்துக்கொள்வோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில், புனித லூசியாள் பேராலயம், 1757 இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம், தீபதுத்தாராம விகாரை ஆகிய யாவும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. சிகிரியாவில் நூறு படங்கள் எடுக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இவற்றின் வாயிலில் நின்று ஒரு படமேனும் எடுத்திருக்கின்றனர்? வெள்ளவத்தைக்குப் பெயர் தேடித்தந்த நெசவாலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. ஒழுங்கைகளில் எஞ்சியுள்ள முற்றமும் தூணும் கொண்ட பழைய வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு வருகின்றன. அவற்றை இடிக்கச் சொல்வது இராணுவமும் அல்ல, தொல்பொருள் திணைக்களமும் அல்ல. விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் நம்மவர்களே.

1983 ஜூலையில் வீடிழந்த கொழும்புத் தமிழர்கள் தமது குடும்பப் படத்தொகுப்புகளையும் தீயில் இழந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள், சில மணித்தியாலங்களில் அனைத்தையும் விட்டு வெளியேறியபோது சோனகத் தெருவின் நினைவுகளையும் விட்டுச் சென்றனர். இரண்டு சமூகங்களும் ஒரே வகையான இழப்பை அறிந்தவை. எஞ்சியுள்ள படங்களை அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கவிடாது, ஊர், ஆண்டு, படத்திலுள்ளோர் ஆகிய விபரங்களைக் குறித்துப் பாதுகாப்பது இரு சமூகங்களினதும் கடமையாகும். 2005 முதல் தமிழ் ஆவணங்களை இணையத்தில் எண்ணிம வடிவில் திரட்டிவரும் நூலகத் திட்டம் போன்ற முயற்சிகளுக்கு இவற்றின் பிரதிகளை வழங்கலாம்.

படமெடுப்போருக்கும் பொறுப்பு உண்டு. கரையோர ரயில் தண்டவாளத்தில் நின்று செல்பி எடுக்க முற்பட்டு உயிர் துறந்த இளைஞர்களின் பெற்றோர் இன்னும் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கின்றனர். எந்தச் சூரிய அஸ்தமனமும் ஓர் உயிருக்கு ஈடாகாது. பிற சமயத்தவரின் தலங்களில் அவர்களது வழக்கத்தைக் கேட்டறிந்து நடத்தல், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நிற்பதைத் தவிர்த்தல், வலை இழுக்கும் மீனவரையோ கொழுந்து பறிக்கும் பெண்ணையோ அவரது அனுமதியின்றிப் படமெடுக்காதிருத்தல் ஆகியன அடிப்படைப் பண்புகளாகும். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம்மைப் பெயரற்ற காட்சிப் பொருளாக்கியவர்களைக் குறைகூறும் நாம், அதே தவறை நம்மிலும் எளியவர்களுக்கு இழைத்தல் தகாது.

அரசாங்கத்திடம் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் பாரியவை அல்ல. படமெடுக்கத் தடையுள்ள இடங்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தெளிவான அறிவித்தல் பலகைகள் நாட்டப்பட வேண்டும். தொல்பொருள் பிரதேசங்களில் ஏறக்கூடாத சின்னங்கள் எவை என்பது தமிழிலும் விளக்கப்பட வேண்டும். அறிவித்தல் இல்லாத இடத்தில் ஒருவரைத் தடுக்க நேர்ந்தால், முதலில் எச்சரிக்கை செய்து அனுப்புவதே நடைமுறையாக வேண்டும். சட்டபூர்வ அடிப்படையின்றிக் கைத்தொலைபேசியைப் பறிப்பதும், படங்களை அழிக்குமாறு வற்புறுத்துவதும் நிறுத்தப்பட வேண்டும். தடைசெய்யப்பட்ட இடங்களின் பட்டியலை, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கும்வரை காத்திராது, பாதுகாப்பு அமைச்சு தானாகவே வெளியிடுவது சாலச் சிறந்தது. இவற்றுக்குக் கோடிக்கணக்கான ரூபாவும் தேவையில்லை, அரசியலமைப்புத் திருத்தமும் தேவையில்லை. சில பலகைகளும் ஒரு சுற்றறிக்கையும் போதுமானவை.

தமது நாட்டின் அழகைக் கண்டு மகிழ்வதற்கு ஒரு பிரஜை எவரிடமும் விளக்கம் கூற வேண்டியதில்லை. ஒருவர் ஒரு மண்ணைப் படமெடுக்க விரும்புகின்றார் என்றால் அந்த மண்ணை அவர் நேசிக்கின்றார் என்றே பெரும்பாலும் பொருள். அந்த நேசத்தைச் சந்தேகத்துடன் எதிர்கொள்ளும் தேசம், தன்னை நேசிப்பவர்களையே அந்நியராக்கிவிடுகின்றது. யுத்த காலத்தில் கமராவை வீட்டில் வைத்துவிட்டு வெள்ளவத்தைக் கடற்கரைக்கு வந்த தந்தையின் மகன் இன்று அதே இடத்தில் நின்று கைத்தொலைபேசியை உயர்த்துகின்றான். படமெடுக்க முன்னர் அவன் சூரியனை மட்டும் பார்த்தால் போதும், சுற்றுமுற்றும் பார்க்க வேண்டியதில்லை என்ற நிலையை ஏற்படுத்துவது ஆட்சியாளர்களின் பொறுப்பாகும்.